துடைத்து வைத்த வளையம்

ஜூன் 3

பேரிங் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக மளிகைச் சீட்டு செருகி வைக்கத்தான் பயன்பட்டது. ஆபீசில் வடிவமைப்புக் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. அதில் ஆங்கிலத்தில், பக்க எண் போட்டு, எடுத்த அளவுகளை மட்டும் எழுத வேண்டும். எரிச்சலை எழுத அதில் கட்டம் கிடையாது. அதனால் இங்கே.

இன்றைய எரிச்சல், எட்டாவது வளையமும் பொறி விட்டுவிட்டது.

பின்னால் நானே படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். எங்களுடையது பம்ப்செட் கம்பெனி. கணபதிப் பகுதியில் ஷெட். இப்போது புதிதாக மருந்து தெளிக்கும் கருவியில் இறங்கியிருக்கிறோம். சாதாரணத் தெளிப்பானில் பாதி மருந்து மண்ணுக்குத்தான் போகிறது. எங்கள் கருவியில் மருந்து வெளியே வரும் மூக்கைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். வளையத்துக்கு ஐயாயிரம் வோல்ட். அதன் நடுவே புகுந்து வரும் ஒவ்வொரு துளியும் மின்னேற்றம் வாங்கிக்கொண்டு, இலையைத் தேடிப் போய் ஒட்டும். இலையின் அடிப்பக்கத்தில்கூட ஒட்டும். பாதி மருந்து போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவர்சில்வர் வளையம் என்றால் ஈரம் பட்டதும் பட்டென்று பொறி. யாராவது தொட்டுவிட்டால் மொத்த மின்சாரமும் ஒரே அடியாக இறங்கும்.

அதனால் கலவை வளையம். உள்ளே மெல்லிய கம்பி, மேலே கரித்தூள் கலந்த எபாக்சி. மின்சாரம் உள்ளிருந்து கசிந்துதான் வெளியே வர முடியும், பாய முடியாது. தொட்டால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இது என் யோசனை. என் பெயர் குமரகுரு என்பதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன், இங்கே வேண்டாம்.

எம்.டி. நந்தகோபால் சார், தீபாவளிக்கு முன்னால் பத்துக் கருவி கம்பம் திராட்சைத் தோட்டங்களில் இருக்க வேண்டும் என்கிறார். அவருக்கென்ன, சொல்வதற்கு வாய் மட்டும் போதும்.

வீட்டில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை.

ஜூன் 11

ஒரு ஆள் கொடுத்திருக்கிறார்கள். நாகமணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். வைண்டிங் செக்‌ஷனில் பதினெட்டு வருடம் தரையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றியவர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. டிப்ளமோ படித்த ஒருத்தரைக் கேட்டேன், இவரை அனுப்பியிருக்கிறார்களே என்று. ஆனால் வளையத்துக்கு உள்கம்பி சுற்றச் சொன்னதும் வாயடைத்துப் போனேன். மயிர் போன்ற கம்பி, நாற்பது சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. நான் சுற்றினால் முருங்கைக்கீரை ஆய்ந்த மாதிரி இருக்கும்.

புதிய அடையாள அட்டை கொடுத்தார்கள். 'ஆய்வக உதவியாளர்' என்று இருந்தது. அதை நாலு தடவை படித்தார். இனிமேல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டார். மகள் அட்டையைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவாளாம்.

மதியம் வளையத்தில் தூசி ஒட்டி அளவு தாறுமாறாக வந்தது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "மிசின நிறுத்தறபோதெல்லாம் ரிங்கத் துடைச்சு வெச்சிருங்கக்கா. இத மட்டும் மறக்கவே கூடாது."

"சரிங் சார்" என்றார். முகம் சுண்டிப்போய்விட்டது. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். முதல் நாளே ஒருத்தரை விரட்டினால்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா என்றாள்.

ஜூன் 24

கரித்தூள் பன்னிரண்டு சதவீதம். வளையம் சும்மா இருக்கிறது, துளிக்கு மின்னேற்றமே இல்லை. இருபத்திரண்டு சதவீதம். பழைய எவர்சில்வர் வளையம் மாதிரியே பொறி விடுகிறது. குழம்புக்கு உப்புப் போடுகிற கதைதான். ஆனால் குழம்பை ருசி பார்க்க நாக்கு இருக்கிறது. இதற்கு ஒவ்வொரு தடவையும் வார்த்து, காய வைத்து, கடைந்து, மாட்டிப் பார்க்க மூன்று நாள்.

நாகமணிக்கா தன் பழைய வாயில் பருத்திச் சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறார். நீலப் பூப்போட்டது. கடைத் துணியில் பிசிறு விழுகிறதாம், இதில் விழாதாம். மேசை டிராயரில் மடித்து அடுக்கி வைத்திருக்கிறார்.

ஜூலை 9

பதினேழு சதவீதம்! கூடவே கொஞ்சம் கண்ணாடி இழை. பொறி இல்லை. மின்னேற்றம் முழுசாக இருக்கிறது. நானே வளையத்தைத் தொட்டேன். எறும்புக் கடிதான். நாகமணிக்காவும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எம்.டி. வந்து தொட்டார். அக்கவுண்ட்ஸில் இருந்துகூட வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். ஷெட் முழுக்க ஒரே சிரிப்பு. இந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வந்து எவ்வளவு காலமாகிறது.

ஜூலை 10

தண்ணீர் வந்தது. குடம், டிரம், பக்கெட் எல்லாம் பிடித்து வைத்தாயிற்று. தோள் வலி.

ஆகஸ்ட் 1

ஆயுள் சோதனை தொடங்கிவிட்டது. இருநூறு மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் என்றால் இருபத்தைந்து நாள். கம்பத்தில் திராட்சைக்கு அடிப்பது போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்து. அதையே பெரிய டிரம்மில் கரைத்து, தெளித்து, பிடித்து, மறுபடி தெளிக்கிறோம். ஷெட் எல்லாம் நீலம். என் செருப்பும் நீலம். மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும் நிறுத்துகிறோம்.

நாகமணிக்கா மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து எழுதுகிறார். எண்களை மட்டும் ஆங்கிலத்தில் அழகாக எழுதுவார். வேறு எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார். லீவு லெட்டர், மகளின் காலேஜ் மனு, எல்லாம் நான் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து அவர் எழுதிக்கொள்வார்.

ஆகஸ்ட் 14

விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். கருவியை மட்டும் எடுத்தால் உயிரில்லை, யாராவது கை வைத்தமாதிரி இருக்கட்டும் என்றார். நாகமணிக்கா அப்போதுதான் டீக்கு நிறுத்திவிட்டு வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியே எடுத்துவிட்டார். கை மட்டும்தான். முகம் வேண்டாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றார் படக்காரர். அதற்குள் அக்கா தலைகூட வாரிக்கொண்டுவிட்டார், பாவம்.

ஆகஸ்ட் 22

நாகமணிக்கா லீவு. மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவர நாமக்கல் போயிருக்கிறார். நானே ஓட்டினேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கைப்பிடியில் சுருக்கென்றது. எறும்புக் கடி மாதிரி இல்லை. என் கை ஈரமாக இருந்தது, அதனாலாக இருக்கும். வளையத்தைத் துடைத்தேன், சரியாகிவிட்டது.

குறிப்பேட்டில் எழுதவில்லை. ஈரக் கையை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் நோட்டுப் பத்தாது.

செப்டம்பர் 4

இருநூறு மணி நேரம் முடிந்தது. வளையம் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அறிக்கை எழுதி முடித்தேன். சான்றிதழ் கொடுக்கிற இடத்துப் படிவத்தில் 'சோதனையின் இடையே செய்த பராமரிப்பு' என்று ஒரு கட்டம். துடைப்பதெல்லாம் பராமரிப்பா? 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எம்.டி. தோளில் தட்டினார்.

சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மூன்று நாளாகச் சுகந்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 8

நேற்று ஆயுத பூஜை. பத்துக் கருவிகளையும் வரிசையாக வைத்துப் பூஜை. நாகமணிக்கா ஒவ்வொரு வளையத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இன்று காலை லாரியில் ஏற்றுவதற்கு முன் பார்த்தால் எதிலும் பொட்டு இல்லை. "துடைச்சுட்டனுங். உட்டா நீங்க வைவீங்" என்றார். எல்லோரும் சிரித்தோம். லாரி கம்பத்துக்குக் கிளம்பியது.

அக்டோபர் 23

காலை பதினொரு மணிக்குக் கம்பத்தில் இருந்து போன். நம் கருவியால் ஒரு ஆளுக்குக் கண்ணில் அடி. மருந்து தெளிக்கிற ஆள், பெயர் செல்லையா. கருவி கையைச் சுண்டி இழுத்துவிட்டதாம். கை உதறியதில் கருவியின் மூக்கு முகத்துப் பக்கம் திரும்பி, போர்டோ கலவை வலது கண்ணுக்குள் போய்விட்டதாம். கலவையில் சுண்ணாம்பு. மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை. நாகமணிக்கா, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே சார்?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 24

விடியற்காலை பஸ். முதலில் மதுரை. செல்லையாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஒரு கண்ணில் கட்டு. மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கருவி செய்த கம்பெனி ஆள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். செல்லையா கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வெடுக்குனு இழுத்துருச்சு சார். தொட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லித்தான குடுத்தாக" என்றார். விளம்பரத் தாளில் அதை எழுதிக் கொடுத்தது நான்.

அங்கிருந்து கம்பம். திராட்சைப் பந்தல் தலைக்கு மேலே. கீழே நின்று மேல்நோக்கித் தெளிக்கிறார்கள். கருவியைக் கழற்றிப் பார்த்தேன். வளையத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கலவை காய்ந்து, பொருக்கு பொருக்காக, கைப்பிடி வரைக்கும் ஓடியிருந்தது. என்னுடைய பதினேழு சதவீதத்தைச் சுற்றிக்கொண்டு போக மின்சாரத்துக்கு ஒரு புதுப் பாதை. மற்ற ஒன்பது கருவிகளிலும் அதே பொருக்குத்தான். பத்தையும் நிறுத்தச் சொன்னேன்.

தோட்டக்காரர், இதை எப்போதாவது துடைக்கணுமா, யாரும் சொல்லலையே என்று கேட்டார்.

கழற்றிய வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 26

ஷெட்டில் புது வளையம் மாட்டி, துடைக்காமல் ஓட்டினேன். நேற்றும் இன்றும் சேர்த்துப் பதினான்கு மணி நேரம். பதினான்காவது மணியில் கைப்பிடியில் மின்சாரம். அப்படியானால் இருநூறு மணி நேரம் ஓடியது வளையம் இல்லை. நீலப் பூப்போட்ட வாயில் துணிதான் ஓடியது.

நாகமணிக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். துடைக்க வேண்டாம் என்று சொன்னதில் இருந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மீட்டர் ஏறியதும் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நாந் தொடச்சதுதாங்களா சார் தப்பு?" என்றார்.

இல்லைக்கா என்றேன். அதற்கு மேல் சொல்லியிருக்க வேண்டும். ஆகஸ்டிலேயே ஒரு தடவை, நீங்கள் லீவில் இருந்தபோது... அது வேறு விஷயம்.

அக்டோபர் 27

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகும் அரை மணி நேரம் எரிந்தது. பாத்ரூமை விட்டு வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 4

விசாரணை. எம்.டி., வக்கீல், பர்சனல் மேனேஜர், நான். நாகமணிக்காவைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சோதனையின்போது வளையத்தைத் துடைத்தாயா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றார். எத்தனை தடவை? நிறுத்தும்போதெல்லாங்க. யார் சொல்லித் துடைத்தாய்?

அப்போது என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். "சுத்தமா இருக்கோணும்ல, அதுக்குத்தானுங்" என்றார்.

வாய் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

நவம்பர் 5

அக்காவை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று சாப்பிடும்போது சுகந்தியிடம் சொன்னேன். தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, தொடைக்கச் சொன்னதே நீங்கதான? மொத நாளு வந்து எங்கிட்டச் சொன்னீங்களே."

ஆமாம் என்றேன்.

"அப்பறம்?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சத்தம் போட்டிருக்கலாம்.

நவம்பர் 6

போய்ச் சொல்லிவிட்டேன். எம்.டி. அறைக் கதவைச் சாத்திவிட்டு, நான்தான் துடைக்கச் சொன்னேன் சார் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். வாயால் சொன்னது என்றேன். "அப்பச் சொல்லல" என்றார்.

பிறகு மெதுவாகத்தான் பேசினார். கோபமே இல்லை. "பாரு குமரகுரு. நீ சொல்லி அந்தம்மா தொடச்சிருந்தா ரிப்போர்ட்டு பொய்யி. அந்தம்மாளாத் தொடச்சிருந்தா ரிப்போர்ட்டு தப்பு. தப்புன்னா திருத்திக்கலாம். பொய்யின்னா சான்றிதழ் போகும், கம்பெனி பேரு போகும், பம்புசெட்டையும் ஒருத்தன் வாங்க மாட்டான். நூத்திப்பத்துப் பேரு இங்க சோறு திங்கறாங்க. நீ யோசன பண்ணிப் பேசு."

அக்காவை வேலையை விட்டுத்தான் அனுப்ப வேண்டுமா, பழையபடி வைண்டிங்குக்கே அனுப்பலாமே என்று கெஞ்சினேன். நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டினால்தான் சான்றிதழ்க்காரர்கள் மறுசோதனைக்கு ஒப்புக்கொள்வார்கள், நடவடிக்கை என்றால் ஒரு ஆள் வெளியே போனதாகக் காகிதம் வேண்டும் என்றார். அப்படியானால் நான் போகிறேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். "நீ போனா அடுத்த ரிங்க யாரு பண்றது? செல்லையாவுக்குப் பதில் யாரு சொல்றது?" என்றார்.

வெளியே வந்து ஸ்டோர் ரூம் பக்கம் நின்றேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றுப்பத்துப் பேரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் தெரியும்.

நவம்பர் 7

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாரே. இருக்கிறது. இந்த டைரியில் ஜூன் 11. வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்திருக்கிறேன்.

காலையில் டைரியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினேன். ஜூன் 11-ஐக் காட்டினால் டைரியைக் கொடு என்பார்கள். கொடுத்தால் ஆகஸ்ட் 22 இருக்கிறது. செப்டம்பர் 4 இருக்கிறது. எனக்குச் சுருக்கென்ற அன்றே தெரியும். தெரிந்துதான் 'இல்லை' என்று போட்டேன். இதை இவ்வளவு நாள் ஈரக் கை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால் கிழித்த இடம் தெரியும்.

பை மடியிலேயே இருந்தது. சாயங்காலம் அப்படியே திரும்பிக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 8

மதியம் நாகமணிக்கா ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். பர்சனல் மேனேஜர் ஒரு கடிதம் கேட்டிருக்கிறாராம். தானாகவே துடைத்ததாகவும், தானாகவே வேலையை விடுவதாகவும், சொந்தக் கையெழுத்தில் வேண்டுமாம். பொழுது சாய்வதற்குள் வேண்டுமாம்.

"எப்பவும் போல நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நா பாத்து எழுதிக்குவனுங்" என்றார்.

வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரிடம் போவார்? உட்கார்ந்து எழுதினேன். இரண்டு தடவை எழுதி அடித்தேன். மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. 'யாருடைய அறிவுறுத்தலும் இன்றி நானாகவே வளையத்தைத் துடைத்து வந்தேன்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

அவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"நானாகவேங்களா சார்?"

தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா என்றுகூட இப்போது தெரியவில்லை. அவர் தாளைக் கீழே வைத்தார். மகளுக்கு இரண்டாம் செமஸ்டர் ஹாஸ்டல் பணம் இன்னும் கட்டவில்லை, அவளிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசனையாக இருக்கிறது என்றார். அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டுமா என்றும் கேட்டார். தர வேண்டும்தான்.

பிறகு, "சரிங்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக் கடிதத்தையும் பார்த்து எழுதினார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் எழுதியதை மடித்து என்னிடமே கொடுத்தார். எழுந்து போகிற வழியில் சோதனை மேசையில் வளையம் இருந்தது. டிராயரைத் திறந்து துணியை எடுத்து ஒரு தடவை துடைத்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கை தானாப் போயிருச்சுங்" என்றார்.

நவம்பர் 9

தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை. சுகந்தி அவள் பாட்டுக்குப் பிடித்து வைத்தாள்.

நவம்பர் 18

புதிதாக டிப்ளமோ படித்த ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். ஜூனில் நான் கேட்டது மாதிரியே. நல்ல பெண்தான். உள்கம்பி நாற்பது சுற்றில் ஏழு இடத்தில் ஏறிக்கொள்கிறது. திட்ட வாய் வரவில்லை. நானே உட்கார்ந்து பிரித்து, நானே சுற்றினேன். எனக்கும் ஏறிக்கொண்டது.

டிராயரில் துணிகள் அப்படியே மடித்தபடி இருக்கின்றன. பதினொன்று.

நவம்பர் 29

செல்லையா போன் செய்தார். கட்டு பிரித்தாயிற்றாம். வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லையாம். இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனியில் இருந்து வந்து பேசினார்களாம், ஒரு பெண் செய்த தவறு, அவளை நீக்கிவிட்டோம் என்றார்களாம்.

"அந்தப் பொம்பளைய எதுக்கு சார் நிப்பாட்டுனீங்க?" என்றார். "தொடைச்சா நல்லதுதான. எனக்கும் யாராச்சும் தொடைக்கச் சொல்லியிருந்தா தொடைச்சிருப்பேன்."

ஆமாம் செல்லையா என்றேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, சரி சார், உடம்பப் பாத்துக்கங்க என்று வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

டிசம்பர் 3

சான்றிதழ்க்காரர்கள் மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துடைத்தால் வளையம் இருநூறு மணி நேரமும் தாங்கும் என்று இந்த முறை படிவத்தில் எழுதிவிட்டேன். பராமரிப்புக் கட்டத்தில் 'ஆம்'. சான்றிதழ் வந்துவிடும் போலிருக்கிறது. எம்.டி. லட்டு வாங்கி வரச் சொன்னார்.

ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

டிசம்பர் 12

கருவியோடு கொடுக்கப்போகும் விளக்கப் புத்தகத்தை நான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமிழில், விவசாயிக்குப் புரிகிற மாதிரி. முதல் பக்கத்தில் துடைப்பதைப் பற்றித்தான் இருக்க வேண்டும், கொட்டை எழுத்தில். நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் சர்க்கார் அறிவிப்பு மாதிரி இருந்தது. கடைசியில் வந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அச்சகத்தில் இருந்து ஒருவர் வந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு படம் வேண்டும், துடைக்கிற மாதிரி இருந்தால் நல்லது என்றார். ஆகஸ்டில் எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. அதில் ஒன்றுதான் அப்படி இருக்கிறது. ஒரு கை, கண்ணாடி வளையல் மூன்று, நீலப் பூப்போட்ட துணி. இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று அவர் சந்தோஷப்பட்டார். யாருடைய கை, அவர்களிடம் கேட்க வேண்டுமா என்றார்.

முகம் தெரியவில்லையே, கேட்க வேண்டாம் என்றேன்.

நாலு மணிக்கு மாதிரிப் பிரதி வந்தது. எம்.டி. நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். 'மிஷினை நிறுத்தும்போதெல்லாம் வளையத்தைத் துடைத்து வைத்துவிடுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது.' இரண்டாவது தடவை வாய்விட்டுப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கறப்பா. பக்கத்துல நின்னு ஆருகிட்டயோ சொல்றாப்பல இருக்குது" என்றார்.

ஐயாயிரம் பிரதி நாளைக்கு அச்சுக்குப் போகிறது. மாதிரிப் பிரதியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஜூன் 11 பக்கத்தில் வைத்திருக்கிறேன்.